இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு மகுடம்

வியாபாரம் என்பது யோசித்து முடிவெடுக்கும் தொழில் என்று சொல்வார்கள். ஆனால் கல்லாவில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும், யோசிக்க எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று. எதிரே நான்கு பேர் நிற்கிறார்கள். ஒருவர் சீட்டை நீட்டுகிறார். இன்னொருவர் பாக்கி கேட்கிறார். அதே நேரம் வாசலில் லாரி வந்து நிற்கிறது. தொலைபேசியில் மண்டிக்காரர் துவரம் பருப்பின் விலை ஏறப்போகிறது, இருபது மூட்டை போடட்டுமா என்று கேட்கிறார். பதிலை இப்போதே சொல்லியாக வேண்டும். நாளைக்குச் சொல்லும் சரியான பதிலைவிட, இந்த நிமிடத்தில் சொல்லும் ஓரளவு நல்ல பதிலுக்குத்தான் சந்தையில் மதிப்பு.

இதே நெருக்கடியை ஒரு பலகையின் மேல், அறுபத்து நான்கு கட்டங்களுக்குள் காண வேண்டுமானால் அதிவேகச் சதுரங்கத்தைப் பார்க்க வேண்டும். ‘ரேபிட் செஸ்’ என்று சொல்கிறார்களே, அதுதான். உலகச் சதுரங்கப் பட்டமே ஒருமுறை இந்த வேக ஆட்டத்தில் முடிவானது. 2016-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி நியூயார்க் நகரில் மாக்னஸ் கார்ல்சனும் செர்கேய் கர்யாக்கினும் ஆடிய ஆட்டங்கள் அவை. அவற்றில் கடைசி ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. சதுரங்கம் தெரியாத வணிகரும் அந்த நாளின் கணக்கை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். ஏனென்றால் அது முழுக்க முழுக்க முதல், செலவு, துணிச்சல், பொறுமை பற்றிய கணக்கு.

சந்தைக் கட்டடத்தில் நடந்த போட்டி

போட்டி நடந்த இடமே நமக்கு நெருக்கமானது. நியூயார்க்கின் தென்கரையில், சவுத் ஸ்ட்ரீட் சீபோர்ட் பகுதியில் உள்ள ஃபுல்டன் மார்க்கெட் கட்டடம் அது. அந்தப் பகுதியில் 1822-இல் ஃபுல்டன் சந்தை தொடங்கியது. பிற்காலத்தில் அமெரிக்காவின் பெயர்பெற்ற மீன் மொத்த வியாபாரச் சந்தையாக அது வளர்ந்தது. விடியுமுன் ஏலம், பனிக்கட்டிப் பெட்டிகள், தள்ளுவண்டிகள் என்று தலைமுறை தலைமுறையாக வியாபாரம் நடந்த இடம். 2005-இல் மீன் வியாபாரம் முழுவதும் பிராங்க்ஸ் பகுதியில் உள்ள ஹண்ட்ஸ் பாயிண்ட்டுக்கு இடம் பெயர்ந்தது. நெரிசலான ஊர் நடுவிலிருந்து மொத்தச் சந்தை வெளியே போவது எந்த ஊருக்கும் பொது. சந்தை போன பிறகு அந்தப் பக்கத்தில்தான், கண்ணாடி அறை ஒன்றில் இருவரை உட்கார வைத்து உலகப் பட்டத்துக்கு ஆட விட்டார்கள்.

யார் இந்த இருவர்?

கார்ல்சன் நார்வே நாட்டுக்காரர். 1990-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி பிறந்தவர். ஆக, அந்த இறுதி நாள் அவருடைய 26-ஆவது பிறந்த நாள். அவர் உலகப் பட்டத்தை முதலில் வென்றது நம் சென்னையில். 2013 நவம்பரில் விஸ்வநாதன் ஆனந்தை அவருடைய சொந்த ஊரிலேயே தோற்கடித்தார். அடுத்த ஆண்டு ரஷ்யாவின் சோச்சியில் ஆனந்தோடு மீண்டும் மோதி பட்டத்தைத் தக்க வைத்தார். 2016-இல் அவருடைய தரப்புள்ளி 2853. உலகில் முதல் இடம்.

கர்யாக்கின் அதே 1990-இல் ஜனவரி 12-ஆம் தேதி கிரிமியாவின் சிம்ஃபெரோபோலில் பிறந்தவர். பன்னிரண்டு வயது ஏழு மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2002-இல் அவர் வைத்த அந்தச் சாதனை 2021 வரை முறியடிக்கப்படவில்லை. முதலில் உக்ரைனுக்கும், 2009 முதல் ரஷ்யாவுக்கும் ஆடினார். 2016 மார்ச்சில் மாஸ்கோவில் நடந்த தகுதிப் போட்டியில் வென்று கார்ல்சனுக்குச் சவால் விடும் உரிமையைப் பெற்றார். அவருடைய தரப்புள்ளி 2772.

குணத்தில் இருவரும் எதிரெதிர். கார்ல்சன் கசக்கிப் பிழிபவர். சமமான நிலையிலும் ஓய மாட்டார். ஐந்து மணி நேரம் உட்கார்ந்து எதிராளி ஒரு சிறு பிழை செய்யும் வரை காத்திருப்பார். கர்யாக்கின் தற்காப்பில் கெட்டி. ‘பாதுகாப்பு மந்திரி’ என்றே அவரைச் சதுரங்க உலகம் கேலியும் மரியாதையுமாக அழைத்தது. கடன்காரர் எத்தனை பேர் வாசலில் நின்றாலும் கடையை மூடாமல் சமாளித்துவிடும் வியாபாரிகள் சிலர் உண்டல்லவா? அந்த ரகம்.

பன்னிரண்டு ஆட்டம், சமமான பேரேடு

போட்டி நவம்பர் 11-ஆம் தேதி தொடங்கியது. மொத்தம் பன்னிரண்டு நீண்ட ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் முதல் 40 நகர்த்தலுக்கு 100 நிமிடம், அடுத்த 20 நகர்த்தலுக்கு 50 நிமிடம், மிச்சத்துக்கு 15 நிமிடம். இதோடு ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதலாக வரும். யோசிக்க வேண்டிய அளவுக்கு நேரம் இருந்தது என்று பொருள்.

முதல் ஏழு ஆட்டங்களும் டிரா. மூன்றாவது, நான்காவது ஆட்டங்களில் கார்ல்சன் நெருக்கிப் பார்த்தார். கர்யாக்கின் மணிக்கணக்கில் தாங்கி நின்றார். எட்டாவது ஆட்டத்தில் கார்ல்சனின் பொறுமை போயிற்று. எப்படியாவது வென்றாக வேண்டும் என்று அளவுக்கு மீறி இழுத்தார். நூல் அறுந்தது. கர்யாக்கின் வென்றார். உலக வீரர் பத்திரிகையாளர் சந்திப்பிலிருந்து கோபத்தோடு எழுந்து போனார்.

பத்தாவது ஆட்டத்தில் கர்யாக்கினுக்கு டிரா செய்ய ஒரு நேர்வழி இருந்தது. அதை அவர் காணவில்லை. கார்ல்சன் பல மணி நேரம் கசக்கி, 75-ஆவது நகர்த்தலில் வென்று சமன் செய்தார். பதினொன்றாவதும் டிரா. பேரேட்டில் பற்றும் வரவும் சரியாக இருந்தது.

முப்பத்தைந்து நிமிட டிரா

பன்னிரண்டாவது ஆட்டம் நவம்பர் 28-ஆம் தேதி. கார்ல்சனுக்கு வெள்ளைக் காய்கள். வெள்ளைதான் முதலில் நகர்த்தும். ஆகவே சற்று அனுகூலம் உண்டு. நீண்ட நேரம் கிடைக்கும் கடைசி ஆட்டம். உலக வீரர் பாய்ந்து விழுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் என்ன செய்தார்? காய்களை மளமளவென்று வெட்டிக் கொண்டு, 30 நகர்த்தலில், சுமார் 35 நிமிடத்தில் டிரா செய்துவிட்டு எழுந்துவிட்டார்.

டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் கார்ல்சனின் கணக்கு வேறு. எட்டாவது ஆட்டத்தில் அளவுக்கு மீறி இழுத்ததன் விலை அவருக்குத் தெரியும். கர்யாக்கினின் கோட்டையை நீண்ட ஆட்டத்தில் உடைப்பது கடினம் என்றும் தெரிந்துவிட்டது. ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டினால் யாருக்கு லாபம்? தமக்குத்தான் என்று அவர் கணித்தார். 2014-இலும் 2015-இலும் உலக ரேபிட் பட்டத்தை வென்றவர் அவர். கர்யாக்கினும் இந்தத் துறையில் சாதாரண ஆள் அல்ல. 2012-இல் உலக ரேபிட் பட்டத்தை வென்றிருந்தார். இருந்தாலும் கார்ல்சன் தம் சரக்கு எந்தச் சந்தையில் நல்ல விலைக்குப் போகும் என்று பார்த்து, போட்டியை அந்தச் சந்தைக்கு நகர்த்தினார்.

இதில் பணக் கணக்கும் இருந்தது. பரிசுத் தொகை குறைந்தது பத்து லட்சம் யூரோ. பன்னிரண்டு ஆட்டத்துக்குள் முடிவு தெரிந்தால் வென்றவருக்கு நூற்றுக்கு அறுபது, தோற்றவருக்கு நாற்பது. சமன்முறி ஆட்டத்தில் முடிவானால் வென்றவருக்கு ஐம்பத்தைந்து, தோற்றவருக்கு நாற்பத்தைந்து. பத்து லட்சத்தையே கணக்கில் வைத்தால், சமன்முறிக்குப் போவதால் வெல்கிறவர் இழப்பது ஐம்பதாயிரம் யூரோ. தோற்கிறவருக்கு அதே ஐம்பதாயிரம் கூடுதல். குடோனுக்குத் தீ விபத்துக் காப்பீடு எடுக்கிறோமே, அந்தத் தவணை மாதிரிதான் இது. தவணை கட்டுவது நஷ்டம் அல்ல. எதற்காகக் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கடிகாரத்தின் கணக்கு

ரேபிட் ஆட்டத்தின் விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொருவருக்கும் 25 நிமிடம். ஒரு காயை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்தியதும் கணக்கில் 10 விநாடி கூடும். ஐம்பது நகர்த்தல் ஆடினால் கூடுதலாக வருவது 500 விநாடி, அதாவது 8 நிமிடம் 20 விநாடி. ஆக ஐம்பது நகர்த்தலுக்கு ஒருவர் கையில் உள்ள மொத்த நேரம் 33 நிமிடம் 20 விநாடி. சராசரி ஒரு நகர்த்தலுக்கு 40 விநாடி. இதில் எதிராளியின் திட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், தம் திட்டத்தை வகுக்க வேண்டும், தவறு இல்லை என்று சரிபார்க்க வேண்டும்.

நகர்த்தலுக்கு நகர்த்தல் நேரம் கூட்டும் இந்த முறை வந்தது அமெரிக்க வீரர் பாபி ஃபிஷரால். இத்தகைய கடிகாரத்துக்கு அவர் 1988-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1992-இல் ஸ்பாஸ்கியோடு மறுபடி மோதியபோது அதை வைத்தே ஆடினார். அதற்கு முன்பு நல்ல நிலையில் இருப்பவர்கூட நேரம் தீர்ந்து கொடி விழுந்ததால் தோற்பது உண்டு. பத்து விநாடி கூடும் முறையில் வேகமாக ஆடுகிறவருக்குக் கையிருப்பு கரையாது. பத்து விநாடிக்குள் நகர்த்தினால் நேரம் ஏறக்கூடச் செய்யும். இருபது விநாடி எடுத்தால் முதலிலிருந்து பத்து விநாடி போகும்.

தினசரி வரவுக்குள் செலவை முடிப்பவர் முதலைத் தொட மாட்டார். முதலைத் தொட ஆரம்பித்தவர் கடைசியில் அன்றாட வரவை மட்டும் நம்பிக் கடை நடத்த வேண்டிய நிலைக்கு வருவார். அன்றைக்கு கர்யாக்கினுக்கு நேர்ந்தது இதுதான். ஆட்டத்துக்கு ஆட்டம் முதலில் நிமிடங்களைத் தாராளமாகச் செலவழித்தார். பிற்பாதியில் பத்து விநாடி வரவை மட்டும் நம்பி ஓட்டினார்.

நான்கு ரேபிட் ஆட்டங்கள். அவை 2-2 என்று முடிந்தால் ஐந்து நிமிட மின்னல் ஆட்டங்கள். அதிலும் தீராவிட்டால் கடைசியாக ஒரே ஆட்டம். அதில் வெள்ளைக்கு 5 நிமிடம், கறுப்புக்கு 4 நிமிடம், டிரா ஆனால் கறுப்புக்கே வெற்றி. அதுவரை போகவில்லை.

முதல் மூன்று ஆட்டங்கள்

முதல் ஆட்டம் 37 நகர்த்தலில் டிரா. பெரிய சம்பவம் இல்லை.

இரண்டாவது ஆட்டத்தில் கார்ல்சன் வெற்றி நிலைக்கு வந்துவிட்டார். கர்யாக்கினிடம் மிச்சம் இருந்தது சில விநாடிகள்தான். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் வரும் பத்து விநாடியில் உயிர் வாழ்ந்தார். ஆனாலும் அவர் கை நடுங்கவில்லை. ‘ஸ்டேல்மேட்’ என்றொரு விதி உண்டு. ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் எந்தக் காயையும் நகர்த்த ஒரு கட்டமும் இல்லை என்றால் ஆட்டம் டிரா. அந்தச் சந்தைக் கண்டுபிடித்து, 84-ஆவது நகர்த்தலில் தப்பித்துவிட்டார். கையில் வந்த வெற்றி நழுவியது. வேறொருவராக இருந்தால் மனம் உடைந்திருக்கும். வசூலுக்குப் போன இடத்தில் பணத்தை எண்ணிக் கொண்டிருக்கும்போது திருப்பி வாங்கிக்கொண்டது போன்ற நிலை.

மூன்றாவது ஆட்டத்தில் கார்ல்சனுக்குக் கறுப்புக் காய்கள். இந்த முறை அவர் ஒரு சிப்பாயைத் தியாகம் செய்து தம் காய்களுக்கு வழி திறந்தார். கர்யாக்கினின் நேரம் கரைந்துகொண்டே வந்தது. நெருக்கடியில் அவர் கவனிக்காத ஒரு கதவு திறந்து கிடந்தது. 38-ஆவது நகர்த்தலில் கார்ல்சனின் யானை வெள்ளையின் கடைசி வரிசையில் இறங்கியது. கர்யாக்கின் அப்படியே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

கணக்கு: கார்ல்சன் 2, கர்யாக்கின் 1. மிச்சம் ஓர் ஆட்டம்.

நான்காவது ஆட்டம்

இப்போது நிலைமையைப் பாருங்கள். கார்ல்சனுக்கு வெள்ளைக் காய்கள். டிரா போதும். பட்டம் அவருக்கே. கர்யாக்கினுக்கு டிரா போதாது. கறுப்பை வைத்துக்கொண்டு உலகின் முதல்நிலை வீரரை வென்றாக வேண்டும். அப்போதுதான் 2-2 ஆகும், மின்னல் ஆட்டங்களுக்குப் போகும்.

கர்யாக்கின் சிசிலியன் தற்காப்பைத் தேர்ந்தெடுத்தார். டிராவுக்கு எளிதில் இடம் கொடுக்காத தொடக்கம் அது. கார்ல்சன் ஆரவாரம் செய்யவில்லை. ஐந்தாவது நகர்த்தலில் ராஜா பக்கத்துச் சிப்பாய் ஒன்றை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி நடுவைத் தாங்கினார். அடுத்து இன்னொரு சிப்பாயை முன்னேற்றினார். பலகையின் நடுவில் வெள்ளைச் சிப்பாய்கள் இரண்டு காவலுக்கு உட்கார்ந்தன. கறுப்புக் காய்களுக்கு முன்னேற இடமில்லை. அதிரடி இல்லை. ஆனால் அந்த நிலையை உடைக்க எதிராளிக்கு ஏதாவது விலை கொடுத்தே ஆக வேண்டும்.

கர்யாக்கின் கொடுத்தார். 19-ஆவது, 20-ஆவது நகர்த்தல்களில் தம் ராஜாவுக்குக் காவலாக இருந்த ஓரத்துச் சிப்பாயை வெள்ளை ராஜாவை நோக்கி விரட்டினார். பிறகு குதிரையை வெள்ளையின் வாசலுக்கே கொண்டுவர வழி தேடினார். 29-ஆவது நகர்த்தலில் கார்ல்சன் தம் ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயாலேயே அந்த ஓரத்துச் சிப்பாயை வெட்டினார். வெள்ளை ராஜாவின் வேலி அலங்கோலமாயிற்று. ஓரத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு நின்றன. பார்ப்பதற்கு அழகில்லை. அந்த ஓரத்துச் சிப்பாயை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கதை அதில்தான் முடியப் போகிறது.

அடுத்த ஏழெட்டு நகர்த்தலில் சரமாரியாக வெட்டுக்குத்து. கர்யாக்கின் தம் யானை ஒன்றைக் கொடுத்து, பதிலுக்கு ஒரு குதிரையும் இரண்டு சிப்பாய்களும் எடுத்துக்கொண்டார். மதிப்பில் இது அதிக மோசம் அல்ல. டிரா வேண்டும் என்றால் தற்காப்புக்கு இடம் இருந்தது. ஆனால் அவருக்கு வேண்டியது டிரா அல்ல. கார்ல்சனோ 39-ஆவது நகர்த்தலில் அந்த ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னே வைத்தார். கறுப்பு ராஜாவின் வாசலுக்கு இரண்டு கட்டம் தள்ளி அது போய் நின்றது.

கார்ல்சன் சற்று நேரம் யானையை முன்னும் பின்னும் நகர்த்திக் காத்திருந்தார். டிரா போதும் என்பவருக்குக் காத்திருப்பதில் நஷ்டம் இல்லை. பொறுக்க முடியாதவர் எதிரே இருப்பவர். கர்யாக்கின் தம் ராணியைத் தொலைவில் வெள்ளை ராஜாவின் அருகே கொண்டுபோனார். 47-ஆவது நகர்த்தலில் யானையும் சேர்ந்து செக் கொடுத்தது. 48-ஆவது நகர்த்தலில் ராணி இன்னும் நெருங்கியது. இப்போது கறுப்பு மிரட்டுவது என்ன தெரியுமா? அடுத்த நகர்த்தலிலேயே செக்மேட். ஒரே ஒரு நகர்த்தல் கிடைத்தால் கார்ல்சனின் ராஜா காலி.

ஆனால் அந்த ஒரு நகர்த்தல் கிடைக்கவில்லை.

கடைசி நகர்த்தல்

49-ஆவது நகர்த்தலில் கார்ல்சனின் யானை கறுப்பின் கடைசி வரிசையில் இறங்கிச் செக் கொடுத்தது. கறுப்பு ராஜா ஒரு கட்டம் மேலே ஏறியது. 50-ஆவது நகர்த்தலில் கார்ல்சன் தம் ராணியைத் தூக்கி, கறுப்பு ராஜாவுக்கு நேர் எதிரே, எச்-6 கட்டத்தில் வைத்தார். எதிராளி இரண்டு விதத்தில் வெட்டலாம். பலகையில் அதிக மதிப்புள்ள காயைக் கையில் கொடுப்பது போன்ற நகர்த்தல்.

ராஜாவால் வெட்டினால்? கடைசி வரிசையில் இருந்த யானை ஓரத்துக்கு வருகிறது. செக்மேட். சிப்பாயால் வெட்டினால்? இன்னொரு யானை பக்கத்துச் சிப்பாயை வெட்டுகிறது. அதுவும் செக்மேட். இரண்டு வழியிலும் ராஜா தப்ப நினைக்கும் ஒரு கட்டத்தை அடைத்து நிற்பது யார் தெரியுமா? 29-ஆவது நகர்த்தலில் வேலியைக் கலைத்துக்கொண்டு வெட்டிய, 39-ஆவது நகர்த்தலில் ஒரு கட்டம் முன்னேறிய அந்த ஓரத்துச் சிப்பாய்தான்! அது அங்கே இல்லாவிட்டால் ராணியைக் கொடுத்தது வீண்.

கர்யாக்கின் பலகையைப் பார்த்தார். கை கொடுத்தார். ரேபிட் ஆட்டங்களில் 3-1. மொத்தத்தில் 9-7. கார்ல்சன் தம் பிறந்த நாளில் பட்டத்தைக் காத்துக்கொண்டார்.

வியாபாரிக்கு இதில் என்ன?

சதுரங்கத்தையும் வியாபாரத்தையும் ஒப்பிடும்போது எல்லைகளை மறக்கக் கூடாது. பலகையில் எல்லாக் காயும் கண்ணுக்குத் தெரியும். சந்தையில் தெரியாது. எதிராளியின் கிடங்கில் எவ்வளவு சரக்கு இருக்கிறது, எந்த ஊரில் மழை பெய்யப் போகிறது என்று நமக்குக் காட்டும் பலகை இல்லை. இருந்தாலும் அந்த நாளின் ஆட்டத்தில் நம் கடைக்கு வரும் சில உண்மைகள் உண்டு.

முதலாவது, வேகம் என்பது பதற்றம் அல்ல. நீண்ட ஆட்டத்தில் 6-6 என்று சமமாக இருந்தவர்கள் குறுகிய ஆட்டத்தில் 3-1 என்று பிரிந்தார்கள். கார்ல்சன் அவசரப்பட்டதால் வேகமாக ஆடவில்லை. பழகிய நிலைகள் அவருக்குக் கை வந்தவை. யோசிக்காமலே எது சரி என்று கை சொல்லும். நெடுநாள் அனுபவம் உள்ள மளிகைக்காரர் தாளில் கால் கிலோ பருப்பைக் கொட்டிவிட்டுத் தராசில் வைத்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்தக் கைப்பழக்கம் எத்தனை ஆயிரம் பொட்டலத்துக்குப் பிறகு வந்தது! கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் விலைப் பட்டியல், கொள்முதல் விலை, பாக்கிப் பட்டியல் மூன்றையும் மனத்தில் ஏற்றிக்கொண்டவர்தான் கூட்ட நேரத்தில் நிதானமாகப் பேரம் பேச முடியும்.

இரண்டாவது, நேரமும் ஒரு முதல். முதல் பாதியில் யோசித்தே தீர்த்துவிட்டால் பிற்பாதியில் வரவை நம்பிப் பிழைக்க வேண்டும். பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது எந்த மண்டியில் எடுப்பது என்று நான்கு நாள் அலைந்தவர், கடைசி இரண்டு நாளில் கிடைத்த விலைக்கு வாங்குகிறார். சின்னச் சின்ன முடிவுகளைச் சட்டென்று எடுத்துவிட்டு, பெரிய முடிவுக்கு நேரத்தைச் சேமித்து வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் எந்த அலமாரியில் வைப்பது என்பதற்கும், வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்குவது என்பதற்கும் ஒரே அளவு நேரம் செலவழிப்பது சரியல்ல.

மூன்றாவது, பின்தங்கியவரின் துணிச்சல் ஆபத்தானது. கர்யாக்கின் ராஜாவின் காவலைக் கலைத்தது முட்டாள்தனம் அல்ல. அவருக்கு வேறு வழி இல்லை, வென்றே ஆக வேண்டும். ஆனால் அந்த நிலைக்கு வந்ததுதான் அவர் செய்த பெரிய நஷ்டம். வியாபாரத்தில் கடன் ஏறிய பிறகு, ஒரே சீசனில் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம் என்று ஊகத்தில் இறங்கியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களில் பலர் திறமைசாலிகள். அவர்களைக் கவிழ்த்தது திறமைக் குறைவு அல்ல, டிரா போதாது என்ற நிலைமை. அந்த நிலைமைக்கு வருமுன்பே கணக்கைச் சரி பார்ப்பதுதான் புத்தி.

நான்காவது, லாபத்தில் இருப்பவருக்கும் ஒரு சோதனை உண்டு. டிரா போதும் என்றிருந்தும் கார்ல்சன் தூங்கவில்லை. எதிராளி அடுத்த நகர்த்தலில் மேட் என்று மிரட்டியபோது பதறிப் பின்வாங்கவும் இல்லை. தம் கணக்கை இரண்டு நகர்த்தல் முன்பே முடித்து வைத்திருந்தார். நல்ல வருடத்தில் கடையை அப்படியே விட்டுவிடுகிறவர், பக்கத்தில் புதுக்கடை வந்தபோது விழித்துக்கொள்கிறார். அதற்குள் தாமதம்.

எல்லா நாளும் ஒரே நாள் அல்ல

இவ்வளவும் படித்துவிட்டு, சமன்முறிக்குப் போவதே எப்போதும் கெட்டிக்காரத்தனம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கார்ல்சன் 2018-இல் லண்டனில் அமெரிக்காவின் ஃபாபியானோ கருவானாவோடு ஆடியபோதும் இதே கணக்கைப் போட்டார். பன்னிரண்டு நீண்ட ஆட்டமும் டிரா. கடைசி ஆட்டத்தில் தமக்குச் சாதகம் இருந்தும் டிரா கேட்டார். ரேபிட் ஆட்டங்களில் 3-0 என்று வென்றார். கணக்கு பலித்தது.

ஆனால் 2024 டிசம்பர் 12-இல் சிங்கப்பூரில் என்ன நடந்தது? உலகப் பட்டம் வைத்திருந்தவர் சீனாவின் டிங் லிரென். எதிரே சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ். பதின்மூன்று ஆட்டம் முடிந்தபோது சமம். பதினான்காவதும் டிரா ஆனால் ரேபிட் ஆட்டங்கள். அதில் டிங்கின் கை ஓங்கும் என்று பலரும் கருதினார்கள். டிங் வெள்ளைக் காய்களை வைத்துக்கொண்டு டிராவை நோக்கி நகர்ந்தார். காய்களை வெட்டிச் சுருக்கினார். குகேஷ் விடவில்லை. சிறு சாதகத்தை வைத்துக்கொண்டு மேலும் மேலும் ஆடினார். டிரா கிடைத்துவிடும் என்று தோன்றிய நிலையில், 55-ஆவது நகர்த்தலில் டிங் ஒரு யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். ஆட்டம் போயிற்று, பட்டமும் போயிற்று. 7½-6½ என்ற கணக்கில் குகேஷ் வென்றார்.

இரண்டு பேரும் ஒரே திட்டம்தான் போட்டார்கள். ஒருவருக்குப் பலித்தது, இன்னொருவருக்குப் பலிக்கவில்லை. வித்தியாசம் எங்கே? கார்ல்சன் 2016-இல் டிராவைத் தாமே பேசி முடித்தார். ஆட்டம் அவர் கட்டுப்பாட்டில் இருந்தது. டிங், டிரா வரும் என்று காத்திருந்தார். எதிராளி ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்றை நம்பி உட்கார்ந்தால் அது திட்டம் அல்ல, எதிர்பார்ப்பு. பாக்கிக்காரர் இந்த மாதம் கொடுத்துவிடுவார் என்று நம்பி அடுத்த சரக்குக்கு ஆர்டர் கொடுப்பதற்கும், பணம் கைக்கு வந்த பிறகு கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

கர்யாக்கினைப் பற்றியும் ஒரு வார்த்தை. நியூயார்க்கில் தோற்றவர் முடங்கிக் கிடக்கவில்லை. அடுத்த மாதமே, 2016 டிசம்பரில், கத்தார் நாட்டின் தோஹாவில் உலக மின்னல் சதுரங்கப் போட்டி நடந்தது. 21 சுற்று முடிவில் அவரும் கார்ல்சனும் தலா 16½ புள்ளி. சமன்முறி விதிப்படி பட்டம் கர்யாக்கினுக்குப் போனது. ரேபிட்டில் நேரம் போதாமல் தோற்றவர், அதைவிடக் குறைந்த நேர ஆட்டத்தில் அதே எதிராளியை முந்தினார். ஒரு சீசன் நஷ்டத்தைப் பார்த்துக் கடையை மூடத் துடிக்கும் நம் நண்பர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது.

நம் கடைகளிலும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. விலை நாளுக்கு நாள் மாறுகிறது, வாடிக்கையாளர் கையில் தொலைபேசி இருக்கிறது, ஒரு நிமிடம் தாமதித்தால் சரக்கு பக்கத்துக் கடைக்குப் போகிறது. அதை நாம் நிறுத்த முடியாது. ஆனால் முடிவெடுக்கும் நேரம் வருமுன்பே கணக்கைப் போட்டு வைக்கலாம். இன்று கடை அடைத்த பிறகு ஒரு பத்து நிமிடம் உட்காருங்கள். அடுத்த வாரம் வரக்கூடிய பெரிய முடிவு எது, அதற்கு எவ்வளவு முதல் ஒதுக்கலாம், எந்த விலைக்கு மேல் வாங்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மண்டிக்காரர் தொலைபேசியில் கூப்பிடும்போது பதில் சொல்ல இருபது விநாடி போதும்.